நேர்கோடும் நேர்வழியும்

நம் மொழியில் 'நேர்வழி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வளையாமல் போகும் பாதை என்பது ஒன்று. நியாயம் தவறாத நடத்தை என்பது மற்றொன்று. நல்லவனை நேர்மையானவன் என்கிறோம். பொல்லாதவனுக்குக் கோணல் புத்தி என்கிறோம். வளையாதது எல்லாம் நல்லது என்ற நம்பிக்கை நம் பேச்சிலேயே ஊறிக் கிடக்கிறது. சாலை போடுகிறவர்களின் மனத்திலும் இந்த மயக்கம் உண்டு போலும். வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்துவிட்டால், அது நேராக இருக்கிற காரணத்தாலேயே நியாயமாகவும் இருக்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள்.

அப்படி இழுக்கப்பட்ட ஒரு கோட்டின் கதையை இங்கே சொல்ல நினைக்கிறேன். கோடு ஒன்று, அது தொட்ட ஊர்கள் இரண்டு. ஓர் ஊரில் அது நின்றது. மற்றோர் ஊரில் நிற்கவில்லை. ஏன் நின்றது, ஏன் நிற்கவில்லை என்று யோசித்துக்கொண்டே போனால், 'பலருடைய நன்மைக்காகச் சிலர் இழக்கத்தான் வேண்டுமா?' என்ற பழைய கேள்வியின் வாசலில் போய் நிற்கிறோம்.

1919-ஆம் ஆண்டில், முதல் உலக யுத்தம் ஓய்ந்த சமயத்தில், அமெரிக்க ராணுவத்தின் மோட்டார் வண்டிகள் அணிவகுத்து வாஷிங்டனிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டன. வழியெல்லாம் சேறும் புழுதியும். வண்டிகளின் பாரம் தாங்காமல் மரப்பாலங்கள் முறிந்தன. போய்ச் சேர 62 நாள் ஆயிற்று. அந்த அணிவகுப்பில் சென்ற இளம் அதிகாரிகளில் ஒருவர் ஐசன்ஹோவர். பிற்பாடு, இரண்டாவது யுத்தத்தில் ஜெர்மனிக்குள் நுழைந்தபோது, அங்கே அகன்று நீண்டு கிடந்த மோட்டார் சாலைகளைக் கண்டார். இரண்டு காட்சிகளும் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. ஜனாதிபதியானபின் 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேசம் முழுவதும் 41,000 மைல் நீளத்துக்குத் தடையற்ற சாலைகள். செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மத்திய சர்க்காருடையது. பத்து டாலர் போட்டால் நூறு டாலர் சாலை கிடைக்கும் என்றால், எந்த மாநிலம்தான் வேண்டாமென்று சொல்லும்?

இந்தச் சாலைகளைப் போட்டவர்களைக் கொடியவர்கள் என்று சித்திரிப்பது சுலபம். அது நியாயமாகாது. லாரியில் வரும் காய்கறி அழுகாமல் சந்தைக்கு வந்து சேரவேண்டும். பிரசவ வேதனையில் துடிக்கிறவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வண்டி நெரிசலில் சிக்காமல் ஓடவேண்டும். எதிரெதிரே வரும் வண்டிகள் மோதிக்கொள்ளாமல் இருக்கவேண்டும். இவற்றுக்காக இரவு பகல் கணக்குப் போட்ட இஞ்சினீயர்கள் மக்களுக்கு நன்மை செய்வதாகவே நம்பினார்கள். பெரும்பாலும் செய்தும் இருக்கிறார்கள். தீயவனோடு வாதாடுவது எளிது. நல்லது செய்கிறேன் என்று உண்மையாக நம்புகிறவனோடு வாதாடும்போதுதான் நம்முடைய தர்மம் சோதனைக்குள்ளாகிறது.

டென்னிசி மாநிலத்தின் மேற்குக் கோடியில், மிசிசிப்பி நதிக்கரையில், மெம்பிஸ் நகரம் இருக்கிறது. நகரத்தின் நடுமையத்துக்கு அருகே ஓவர்ட்டன் பூங்கா. பரப்பு 342 ஏக்கர். அதில் 170 ஏக்கர் காடு. மிருகக்காட்சிசாலை ஒன்று, சித்திரக் கலைக்கூடம் ஒன்று, திறந்தவெளி அரங்கம் ஒன்று. எல்விஸ் பிரெஸ்லி உலகப் புகழ் அடைவதற்கு முன், 1954-இல், இளைஞனாக ஏறிப் பாடிய மேடை அதுதான். கையில் காசில்லாதவனும் குழந்தையை அழைத்துக்கொண்டு போய் மர நிழலில் உட்கார்ந்துவிட்டு வரலாம். அத்தகைய இடத்தின் நடுவே, மிருகக்காட்சிசாலையைத் தனியாகத் துண்டித்துக்கொண்டு, ஆறு வரிசை வண்டிகள் விரைந்தோடும் 40-ஆம் எண் நெடுஞ்சாலை போவதென்று 1956-இலேயே முடிவாகிவிட்டது. அழியப்போவது 26 ஏக்கர்.

பூங்காவைக் காக்க ஊர்க்காரர்கள் சிலர் கூடினார்கள். அவர்களில் வயதான மாதர்கள் பலர். ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்ட கிழவிகள் என்று அவர்களைக் கேலி செய்தார்கள். வியாபாரிகளுக்குச் சாலை வேண்டும். நகரத்தின் நடுக்கடைகள் பிழைக்க அதுதான் வழி என்று நம்பினார்கள். அதிகாரிகள் சொன்ன சமாதானத்திலும் சாரம் இல்லாமல் இல்லை. 'பூங்காவின் வழியே போனால் யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டாம். அது ஏற்கனவே பொதுச் சொத்து. விலை கொடுக்க வேண்டாம். தூரமும் குறைவு. இதைவிட நல்ல வழி ஏது?'

இதற்குள் 1966-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. பொதுப் பூங்காவின் வழியே சாலை போட வேண்டுமானால், சாத்தியமானதும் விவேகமானதுமான வேறு வழி இல்லை என்று போக்குவரத்து மந்திரி முதலில் தீர்மானிக்க வேண்டும். அப்படியே போனாலும் சேதத்தைக் குறைக்க எல்லா ஏற்பாடும் செய்திருக்க வேண்டும். 1969 நவம்பரில் மந்திரி ஜான் வோல்ப் மெம்பிஸ் சாலைக்கு இறுதி அனுமதி கொடுத்தார். அவர் கட்டிடக் காண்டிராக்டராக இருந்து உயர்ந்தவர். 1956-இல் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் முதல் தலைவராகவும் இருந்தவர். அனுமதி கொடுத்தவர், வேறு வழி ஏன் இல்லை என்பதற்குக் காரணம் எழுதவில்லை.

ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கீழே இரண்டு கோர்ட்டுகளிலும் தோற்றார்கள். 1971 மார்ச் 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் திரும்பியது. தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல். அந்தக் கோர்ட்டில் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதி. அதிகாரிகளின் வாதத்துக்கு அவர் சொன்ன விடை மிக எளிமையானது, ஆனால் ஆழமானது. செலவையும் தூரத்தையும் வீடிழப்பையும் மட்டும் தராசில் போட்டால், ஒவ்வொரு முறையும் பூங்காதான் தோற்கும். ஏனென்றால் அது பொதுவாக இருப்பதனாலேயே மலிவாக இருக்கிறது. எப்போதும் தோற்கும் பக்கத்துக்குக் கொஞ்சம் எடை கூட்டுவதற்காகத்தானே சட்டம் வந்தது? வழக்கு வந்தபின் தேடிப் பிடித்த காரணங்களையும் அவர் ஏற்கவில்லை. முடிவு செய்தபோது மந்திரியின் எதிரே என்ன இருந்ததோ அதைக் காட்ட வேண்டும் என்றார்.

மந்திரி மறுபடியும் யோசிக்க வேண்டி வந்தது. 1973 ஜனவரியில், பதவியை விட்டுப் போகும் தறுவாயில், வேறு வழி இல்லை என்று தம்மால் சொல்ல முடியவில்லை என்று அதே வோல்ப் அறிவித்தார். சாலை போடுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது, விடை மாறிவிட்டது. மாநிலம் இன்னும் சில ஆண்டுகள் மல்லுக்கு நின்று பார்த்துவிட்டு 1981-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 40-ஆம் எண் சாலை நகரத்துக்கு வடக்கே இருந்த சுற்றுச் சாலையோடு சேர்ந்துகொண்டது. ஆக, வேறு வழி இருக்கத்தான் இருந்தது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் மனத்துக்கு இதமான கதை. கிழவிகள் ஜெயித்தார்கள், மரங்கள் பிழைத்தன. ஆனால் வழக்கு முடிவதற்கு முன்பே, பூங்காவுக்குக் கிழக்கே, சாலை வந்தே தீரும் என்ற நிச்சயத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள். வராத சாலைக்காகப் போன வீடுகள். அந்த நிலம் வெகு காலம் பொட்டலாகக் கிடந்தது. மரத்தை மறுபடி பார்க்கலாம், மரம் நின்றது. வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 40-ஆம் எண் சாலையில் கிழக்கே சுமார் 200 மைல் போனால், அதே மாநிலத்தின் தலைநகரமான நாஷ்வில் வருகிறது. அங்கே ஜெபர்சன் தெரு என்று ஒரு தெரு. கறுப்பின மக்களின் கடைவீதி அது. முடிதிருத்தும் கடை, மருந்துக் கடை, சாப்பாட்டு விடுதி, இரவெல்லாம் வாத்தியம் முழங்கிய இசைக்கூடங்கள் என்று எல்லாம் அங்கே இருந்தன. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பெயர் பெறுவதற்கு முன் அங்கே கிதார் வாசித்திருக்கிறார். கறுப்பின மக்களின் கல்விக்காக ஏற்பட்ட பிஸ்க் பல்கலைக்கழகமும், மெஹாரி மருத்துவக் கல்லூரியும், டென்னிசி மாநிலப் பல்கலைக்கழகமும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. வெள்ளையர் கடைகளில் சரிசமமாக உட்கார இடமில்லாத காலத்தில், ஒரு சமூகம் தனக்கென்று கட்டிக்கொண்ட ஊருக்குள் ஊர்.

அந்த இடத்தின் வழியே சாலை வந்தது. இங்கே ஒரு விநோதம். பழைய யோசனை ஒன்றின்படி சாலை சார்லட் அவென்யூ என்ற வேறு பாதையை ஒட்டிப் போயிருக்க வேண்டும். அதை மாற்றி, வடக்கே வளைத்து, ஜெபர்சன் தெருப் பக்கமாகக் கொண்டுவந்தார்கள். மெம்பிஸில் கோட்டை வளைக்கவே முடியாது என்று கால் நூற்றாண்டு வாதாடியவர்கள், நாஷ்விலில் கோட்டை வளைத்திருந்தார்கள்! கோடு நேராகப் போகவேண்டும் என்பது ஒரு சித்தாந்தமாக இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் நேராக அல்லவா போயிருக்க வேண்டும்? எங்கே தடுப்பார் இல்லையோ, அங்கே போயிற்று.

மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் என்று 1957-இல் ஒன்று நடந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றித் தங்களுக்குச் சரியான அறிவிப்பே இல்லை என்று அந்தப் பகுதி மக்கள் பின்னால் முறையிட்டார்கள். பத்து ஆண்டுக்குப்பின், 1967-இல், பேராசிரியர்களும் வியாபாரிகளும் பாதிரிமார்களும் கூடி ஒரு கமிட்டி அமைத்து வழக்குத் தொடுத்தார்கள். நீங்கள் காட்டுகிற சாட்சியமெல்லாம் இந்தத் திட்டம் புத்திசாலித்தனமானதா என்பதைப் பற்றியதே, சட்டப்படி செல்லுமா என்பதைப் பற்றியதல்ல என்ற முறையில் கோர்ட்டு பதில் சொல்லிவிட்டது. வேண்டுமென்றே இனத்தைக் குறிவைத்ததாக நிரூபணம் இல்லை. 1968 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் வழக்கைக் கையில் எடுக்க மறுத்தது. 600-க்கு மேற்பட்ட வீடுகளும் ஆறு தேவாலயங்களும் போயின. ஐம்பது தெருக்கள் முட்டுச் சந்துகளாயின.

மூன்றே ஆண்டு கழித்து வந்த பூங்காத் தீர்ப்பை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் நெஞ்சு கனக்கிறது. நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த சட்டம் பூங்காவைப் பற்றிப் பேசியது. வீட்டைப் பற்றிப் பேசவில்லை. மரத்தை வெட்டுமுன் 'வேறு வழி உண்டா?' என்று கேட்கவேண்டும் என்று எழுதிய கை, மனிதனைப் பெயர்க்குமுன் அதே கேள்வியைக் கேட்கவேண்டும் என்று எழுத மறந்துவிட்டது. 1968-இல் இதே மெம்பிஸில்தான் நகர சுத்தித் தொழிலாளிகள், 'நான் ஒரு மனிதன்' என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4-ஆம் தேதி அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்படியானால் இது மரத்துக்கும் மனிதனுக்கும் உள்ள போட்டியா? அப்படிச் சொல்வதும் தப்பு. தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கிளேபோர்ன் அவென்யூ என்று ஒரு சாலை. நடுவே வரிசையாக நின்ற பழைய ஓக் மரங்களின் கீழ் கறுப்பின மக்கள் திருநாள் கொண்டாடுவார்கள். 1966-இல் அந்த மரங்கள் விழுந்தன. அவை நின்ற இடத்தில் மேம்பாலச் சாலை எழுந்தது. அதே நகரத்தின் பழைய பிரெஞ்சுப் பேட்டையை ஒட்டி ஆற்றோரமாக வரவிருந்த வேறொரு நெடுஞ்சாலையை, 1969-இல் வோல்ப் தாமே ரத்து செய்தார். ஆகவே மரம் என்பதால் ஒன்று பிழைக்கவும் இல்லை. வீடு என்பதால் ஒன்று அழியவும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தது யார் என்பதைப் பொறுத்து மரத்தின் விதியும் மாறியது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பலருக்காகச் சிலர் இழக்கலாமா?

ஊருக்காக ஒருவன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உயர்ந்த வார்த்தை. ஆனால் அதை யார் வாயால் சொல்கிறோம் என்பது முக்கியம். விட்டுக்கொடுக்கிறவன் சொன்னால் அது தியாகம். எடுத்துக்கொள்கிறவன் சொன்னால் அதற்கு வேறு பெயர். தன் வீட்டு வாசலில் கோடு விழாத மனிதன், விழுந்தவனைப் பார்த்துத் தேச நன்மைக்காகப் பொறுத்துக்கொள் என்று உபதேசம் செய்யும்போது, வார்த்தை அதேதான்; தர்மம் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

'பலர்' என்ற கணக்கையும் கொஞ்சம் உதறிப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கு ஐந்து நிமிஷம் சீக்கிரமாக வீடு போய்ச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பார்த்தால் மலைபோன்ற நேரம். ஆனால் அந்தக் கூட்டுத்தொகையை எந்த மனிதனும் அனுபவிப்பதில்லை. ஒவ்வொருவனும் தன் ஐந்து நிமிஷத்தைத்தான் அனுபவிக்கிறான். வீட்டை இழந்தவனோ தன் இழப்பை முழுசாக அனுபவிக்கிறான். அதைப் பகிர்ந்துகொள்ள ஆயிரம் பேர் இல்லை. ஆகவே காகிதத்தில் சமமாகிவிடுகிற கணக்கு மனித வாழ்க்கையில் சமமாவதில்லை. ஐந்து நிமிஷத்தில் ஓர் உயிர் பிழைக்கும் சந்தர்ப்பம் வேறு. அதற்கு எடை உண்டு. எல்லா நிமிஷத்துக்கும் அந்த எடையைக் கடன் வாங்கிப் பேசுவதுதான் சாமர்த்தியம்.

மலிவு என்ற வாதம் இதைவிட அபாயமானது. பூங்கா மலிவு, ஏனென்றால் அது எல்லோருக்கும் சொந்தம். ஜெபர்சன் தெரு மலிவு, ஏனென்றால் அங்கே இருந்தவர்களை வேறெங்கும் இருக்கவிடாமல் தடுத்து, அவர்கள் நிலத்துக்கு மதிப்பு ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். நேற்று செய்த அநியாயம் இன்று விலைப் பட்டியலாக வந்து நிற்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போடுகிற இஞ்சினீயர் கையில் கறையே இல்லை. அவர் அறியாமலே பழைய அநியாயத்துக்குப் புதிதாக ஒரு கையெழுத்துப் போடுகிறார்.

இதற்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. ஒவ்வொருவனும் 'என் வாசலில் வேண்டாம்' என்று சொல்ல ஆரம்பித்தால் உலகத்தில் ஒரு சாலையும் போட முடியாது. மேலும், வேண்டாம் என்று உரக்கச் சொல்லும் சக்தி வசதியுள்ளவர்களுக்கே இருக்கிறது. வக்கீல் வைக்கவும், பத்திரிகைக்கு எழுதவும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் அவர்களால்தான் முடியும். அவர்கள் தள்ளிவிட்ட சாலை அந்தரத்தில் நிற்காது; வாயில்லாதவன் வாசலில் போய் விழும். இந்த ஆட்சேபத்தை நான் மறுக்கவில்லை. நம்மைப் போல நடுத்தரமாக வாழ்கிறவர்கள் இதைத் தூக்கம் வராத இரவில் எண்ணிப் பார்க்க வேண்டும். 'இங்கே வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, 'அப்படியானால் எங்கே?' என்று கேட்காமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறவன், அளவுகோலால் கோடு இழுத்தவனைவிட எந்த விதத்தில் உயர்ந்தவன்?

மெம்பிஸ் மாதர்களின் வெற்றியில் எனக்குப் பெரிதாகப் படுவது அவர்கள் காப்பாற்றிய காட்டைவிட அவர்கள் கேட்க வைத்த கேள்விதான். வேறு வழியை உண்மையாகவே தேடினாயா? தேடிய விவரத்தை, முடிவு செய்வதற்கு முன்பே, இழக்கப்போகிறவன் முகத்துக்கு நேரே சொல்வாயா? இந்த இரண்டையும் செய்துவிட்டு, 'வேறு வழி இல்லையப்பா, மன்னித்துக்கொள். உனக்குரியதைக் குறைவில்லாமல் தருகிறோம்' என்று ஒரு சர்க்கார் சொல்லுமானால், இழப்பவனின் துயரம் தீராது. ஆனாலும் அவனை மனிதனாக மதித்ததாக ஆகும். நாஷ்விலில் இழந்தவர்களுக்கு வீட்டோடு கூட அந்த மதிப்பும் போயிற்று. கேட்க வேண்டிய கேள்வி ஒரே கேள்விதான். பூங்காவுக்கு அதைக் கேட்டார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை.

இன்றைக்கும் மெம்பிஸில் கிழக்கேயிருந்து வேகமாக வரும் பெரிய சாலை ஒன்று, பூங்காவை நெருங்கும்போது வேகம் அடங்கிச் சாதாரணத் தெருவாகிவிடுகிறது. தூரம் போகிறவர்கள் வடக்கே சுற்றிக்கொண்டு போகிறார்கள். சுற்றிப் போவதால் நகரம் அழிந்துவிடவில்லை. காடு நிற்கிறது, 2011-இல் அதன் பெரும்பகுதிக்கு மாநிலச் சட்டத்தின் காவலும் கிடைத்தது. நாஷ்விலிலோ, சாலை பிளந்த இரண்டு பக்கத்தையும் சேர்க்க அதன்மேல் ஒரு மூடி போடலாம் என்று 2021 வாக்கில் யோசனை எழுந்தது. மலிவு என்று போட்ட சாலைக்கு அரை நூற்றாண்டு கழித்து வந்த பாக்கிச் சீட்டு அது. அங்கிருந்த சிலர் அந்த யோசனையையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். முன்பு ஒருமுறை நன்மை செய்ய வந்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள் அல்லவா?

சுற்றிப் போகிற சாலைதான் சில சமயம் நேர்வழி.